இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

“மருது வண்டிச் சத்தம் உனக்கு எங்க இருந்து கேக்க ஆரம்பிக்கும்?” என்று அற்புதமேரி டீச்சர் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. பேரையூர் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் முக்கில் ஒரு வேகத்தடை உண்டு. அங்கே கியரை மாற்றும்போது ஒரு கனைப்பு. அப்புறம் அரவை மில் சுவர், தண்ணீர்த் தொட்டி, பிறகு எங்கள் சன்னல்.

“வேகத்தடையிலயே கேட்டுரும் டீச்சர்.”

“எனக்கு அங்கயே வயித்தப் பெரட்ட ஆரம்பிச்சிருது” என்றார்.

ஞானசீலன் சாரும் அற்புதமேரி டீச்சரும் டி. கல்லுப்பட்டியில் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சார் கணக்கு, டீச்சர் மூன்றாம் வகுப்பு. அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே ஓட்டுக் கட்டடம். நடுவில் ஒரு சுவர். சுவர் ஓடு வரை எட்டாது. அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் தெரியும். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்று அந்தச் சுவரோரம் தையல் மிஷினைப் போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆகையால் இதில் கேட்டது பாதி, பார்த்தது பாதி.

டீச்சருக்கு இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்களும் வியாழனும் மதுரைக்குப் போய் நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். நாற்பத்தைந்து கிலோமீட்டர். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் ஏழு மணிக்குக் கட்டில் கிடைக்கும். கூட்டிப்போவது மருது அண்ணன். உசிலம்பட்டிக்காரர், இங்கே பெண்ணெடுத்து இங்கேயே தங்கிவிட்டார். சொந்தமாக ஒரு பழைய டீசல் கார் வைத்து வாடகைக்கு ஓட்டினார்.

அவர் டீச்சரைக் கூட்டிப்போகும் விதம் தனி. பின்சீட்டில் பழைய பெட்ஷீட்டை விரித்து அதன்மேல் வேப்பிலை போட்டிருப்பார். முன்சீட்டின் முதுகில் பிளாஸ்டிக் பைகள் கொத்தாகத் தொங்கும். லாரிக்குப் பின்னால் போகமாட்டார். ரோட்டோரத்தில் சீமைக்கருவேல மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற இடங்களை மனப்பாடமாக வைத்திருந்து, புகை வருவதற்கு முன்பே கண்ணாடியை ஏற்றிவிடுவார். குன்னத்தூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, “எறங்கி ரெண்டு எட்டு நடங்க டீச்சர்” என்பார். இவ்வளவும் செய்து டீச்சர் திரும்பி வரும்போது மூன்று பைகள் நிறைந்திருக்கும். அவற்றை அவரே முடிச்சுப் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டுவார். சார் போகப்போனால், “நீங்க உள்ள போங்க சார், இது எங்க வேல” என்பார்.

புரட்டாசி கடைசி வியாழன் டீச்சர் வண்டியில் ஏறவில்லை.

“நான் வரல மருது. நீ போ.”

“வண்டி வாசல்ல நிக்குது டீச்சர். அங்க மெஷினு காத்துக்கிட்டுக் கெடக்கு.”

“மெஷின்ல படுத்துக் கெடக்கலாம்ப்பா. அது ஒண்ணும் இல்ல. திரும்பி வாரதுதான் முடியல. கொடலே வெளிய வந்துருமோன்னு இருக்கு. போதும்.”

“அற்புதம், எந்திரி. விளையாடாத” என்றார் சார்.

“நீங்க முன்னாடி உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டு வாரீங்க. ஒரு நாள் பின்னாடி உக்காந்து பாருங்க.”

அன்று போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்றாகி, படுத்தால் மூச்சு முட்டி, டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். திங்கள் விடியுமுன் மருது அண்ணன்தான் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார். இன்னொரு தடவை விட்டால் என்னிடம் வராதீர்கள் என்று மதுரை டாக்டர் சொன்னாராம். இதை அவர்கள் மகன் ஆல்பினிடம் சார் போனில் சொன்னார். ஆல்பினுக்குக் கோயம்புத்தூரில் வேலை. சாருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

“சொந்தமா ஒரு வண்டி வாங்குங்கப்பா. அந்த டீசல் டப்பாவுல போனா எனக்கே வாந்தி வரும்.”

“எலக்ட்ரிக் வண்டில புகையே இல்லங்கிறாங்களே.”

“ஹைப்ரிட் வாங்குங்க. பெட்ரோலும் இருக்கும், பேட்டரியும் இருக்கும். எங்கயும் நிக்காது. சார்ஜ் தீந்துச்சுன்னா அம்மாவ வச்சுக்கிட்டு நடுரோட்டுல என்ன செய்வீங்க?”

“நான் என்ன வேளாங்கண்ணிக்கா போறேன்? போக வர தொண்ணூறு. அது ஒரு தடவ சார்ஜ் போட்டா எரநூத்தம்பது ஓடுமாம். பாதி ஓடுனாலும் மிச்சம்.”

“கரண்ட் போயிட்டா?”

“மாசத்துக்கு ஒரு நாள் நிறுத்துறான். அதையும் மொத நாளே பேப்பர்ல போடுறான்.”

சார் பழைய மாதக் காலண்டரைக் கிழித்து, பின்பக்கம் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் ஹைப்ரிட், அந்தப் பக்கம் எலக்ட்ரிக் என்று எழுத ஆரம்பித்தார். நாலு நாள் எழுதினார். டீச்சர் உப்பில்லாத கஞ்சியைக் கலக்கிக்கொண்டே, “அப்பனும் மகனும் எனக்குக் காரு வாங்குறீங்களா, அரைப்பரிட்சைக்குக் கேள்வித்தாள் எடுக்குறீங்களா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது.

கடைசியில் மருது அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் காலண்டர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மைலேஜ் கெடக்கட்டும் சார். டீச்சருக்கு வாந்தி எப்ப வருதுன்னு கவனிச்சிருக்கீகளா? வண்டி ஓடையில வராது. நிக்கையில வரும். டோல்கேட்டு வரிசைல, திருமங்கலம் சிக்னல்ல. என்ஜின் நின்ன எடத்துலயே உறுமுதுல்ல, அது அடிவயித்துல ஏறுது. அந்த உறுமல் இல்லாத வண்டி எதுவோ அதப் பாருங்க.”

“ரெண்டையும் ஓட்டிப் பாத்துருவோம்னு சொல்றியா?”

“ஓட்டிப் பாக்க வேணாம். டீச்சர ஏத்திப் பாக்கணும். அதுவும் மெஷின விட்டு எறங்குன ஒடனே. காலைல நல்லா இருக்கும்போது ஏத்திப் பாத்தா எல்லாம் நல்ல வண்டிதான்.”

இப்படித்தான் இரண்டு கம்பெனி ஆட்களும் தங்கள் வண்டியை மதுரை ஆஸ்பத்திரி வாசலுக்கே கொண்டுவரும்படி ஆயிற்று. விளக்குத்தூண் பக்கம் எனக்கு ஜிப்பும் நூல்கண்டும் வாங்க வேண்டியிருந்ததால், டீச்சர் கூப்பிட்டதும் நானும் போனேன்.

வியாழக்கிழமை வந்தது ஹைப்ரிட். கிளம்பும்போது சத்தமே இல்லை. டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பழங்காநத்தம் தாண்டியதும் எங்கிருந்தோ என்ஜின் விழித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் ஓடி அணைந்தது. மறுபடியும் விழித்தது. ஒவ்வொரு தரமும் டீச்சரின் கை என் மணிக்கட்டை இறுக்கியது. திருப்பரங்குன்றம் போய்த் திரும்பினோம். வாந்தி இல்லை. ஆனால் இறங்கியதும் சொன்னார்: “நல்ல வண்டிதான். ஆனா கண்ணு அசர்ற நேரமாப் பாத்து யாரோ தட்டி எழுப்புற மாதிரி இருக்கு.”

திங்கட்கிழமை எலக்ட்ரிக் வண்டியைக் கொண்டுவந்த பையன் பெயர் சூரியபிரகாஷ். கழுத்தில் டை, நெற்றியில் விபூதி. மழை வருவதுபோல் மூடிக்கொண்டு வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. மெஷினை விட்டு இறங்கிய டீச்சர் கழுவிப் பிழிந்த துணிபோல இருந்தார். மருது அண்ணன் வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். சார் முன்னால்.

“சார், இதுல கிளட்ச் கிடையாது, கியர் கிடையாது” என்று சூரியபிரகாஷ் ஆரம்பித்தான். “மழைத்தண்ணில போகலாம் சார். பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி. ரெண்டு கால்ல ஒரு காலுக்குத்தான் சார் வேல. இடது காலுக்கு வேலையே இல்ல.”

சார் தன் இடது முழங்காலைப் பார்த்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து பிளேட் வைத்த கால். அது மடங்காமல் போனதால்தான் அப்போதிருந்த சிறிய காரை விற்றார்.

“அப்புறம் சார், மொத்தம் ஆறு ஏர்பேக்…”

“தம்பி” என்றார் மருது அண்ணன். “செத்த வாய மூடு.”

டீச்சர் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. பசுமலை சிக்னலில் வண்டி நின்றது. நின்றது என்பது வெளியே பார்த்தால்தான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பஸ்ஸின் உறுமல்தான் கண்ணாடி வழியாக மங்கலாகக் கேட்டது. டீச்சர் அசையவில்லை. திருநகர் தாண்டும் வரைக்கும், திரும்பி வரும் வரைக்கும் தூங்கினார். என் கையிலிருந்த பை வெறும் பையாகவே இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வாகனம் குறைந்த ஒரு ரோட்டில் சார், “நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கலாமா?” என்று கேட்டார். பத்தாம் வகுப்புக்குச் சூத்திரம் சொல்லும் குரல் அல்ல அது. சூரியபிரகாஷ் இடம் மாறி உட்கார்ந்தான். சார் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

பின்சீட்டிலிருந்து மருது அண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார்: “அமுக்குங்க சார். முட்ட ஒடையாம மிதிக்கிற மாதிரி. ஆங். இப்பக் காலை எடுங்க. பாத்தீகளா, பிரேக்கு போடாமலே தானா அடங்குது. விடுங்க, போங்க. எதுத்தாப்புல ஒருத்தனும் இல்ல. அம்புட்டுத்தான் சார். சைக்கிள் ஓட்டுறத விடச் சுளுவு.”

சார் ஒரு கிலோமீட்டர் ஓட்டினார். கண்ணாடியில் அவர் முகம் எனக்குத் தெரிந்தது. மருது அண்ணனும் அதைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று மாலையே எலக்ட்ரிக் வண்டியைப் பதிவு செய்துவிட்டார்கள். அந்தக் காலண்டர் தாளில் அடுப்புத் திட்டைத் துடைத்ததைப் பார்த்தேன். தூக்கம் என்று அதில் எந்தப் பக்கமும் எழுதியிருக்கவில்லை.

வண்டி வர மூன்று வாரம் ஆயிற்று. மின்வாரியத்து ஆள் வந்து லோடு பார்த்துவிட்டுப் போனார். முன் சுவரில் சார்ஜ் போட ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். அதுவரைக்கும் மருது அண்ணன் வண்டிதான். “இன்னும் நாலு தடவதான் டீச்சர்,” “இன்னும் ரெண்டு தடவதான் டீச்சர்” என்று அவரே எண்ணிச் சொல்வார். டீச்சரும் பல்லைக் கடித்துக்கொண்டு போய்வந்தார்.

அந்த மூன்று வாரத்தில் ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சார் சொன்னார்: “நானே ஓட்டுறேன் அற்புதம். நீயும் முன்னாடியே உக்காந்துக்கோ. பழையபடி.”

டீச்சர், “அப்ப மருதுகிட்ட சொல்லிருங்க. அவன் வேற ஓட்டம் பாக்கணும்ல” என்றார்.

“நீ சொல்லு. நீ சொன்னா அவனுக்கு வருத்தம் வராது.”

“சரி, சொல்றேன்.”

இன்னொரு நாள் டீச்சர், “மருதுகிட்ட பேசுனீங்களா?” என்று கேட்டார். சார் குளித்துக்கொண்டிருந்தார். “என்ன?” என்றார். “மருதுகிட்ட!” என்றார் டீச்சர். “ஆமா ஆமா, பேசினேன், சனிக்கிழம வந்துர்றேன்னான்” என்றார் சார். அவர் சொன்னது, புது வண்டியைக் கோயிலில் ஃபாதர் மந்திரிக்கும் விசேஷத்துக்கு வரச்சொன்னதை.

சனிக்கிழமை சூரியபிரகாஷ் வண்டியைக் கொண்டுவந்து கோயில் வளாகத்தில் விட்டான். ஆல்பினும் வந்திருந்தான். வெள்ளை வண்டி. ஃபாதர் செபம் சொல்லி, நாலு பக்கமும் தீர்த்தம் தெளித்து, டீச்சர் நெற்றியில் சிலுவை போட்டார். மருது அண்ணன் தன் மனைவி சீனியம்மாளோடு வந்து ஓரமாக நின்றார். அண்ணன் வேட்டி மடியில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. ஃபாதர் உள்ளே போகும்வரைக்கும் பொறுத்திருந்து, “சார், கோவிச்சுக்கிறாதீக, சக்கரத்துக்கு” என்றார்.

“ஃபாதர் பாக்கலேன்னா சரி” என்றார் சார்.

நாலு சக்கரத்துக்கும் வைத்தார். ஆல்பின் வண்டியை எடுத்தான். என்ஜின் சத்தம் இல்லாததால் பழம் நசுங்குகிற சத்தம் நாலு தரம் தெளிவாகக் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டில் கேக் வெட்டினார்கள். டீச்சர் ஒரு விரற்கடை அளவு எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய துணிக்கடைப் பையைக் கொண்டுவந்து மருது அண்ணன் கையில் கொடுத்தார். வேட்டி, சட்டைத்துணி, சீனியம்மாளுக்குச் சேலை.

“ரெண்டு வருஷம் என் வாந்திய அள்ளிக் கொட்டுன கை” என்றார். கண் கலங்கிவிட்டது.

மருது அண்ணன் பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “இனிமேயும் ஒரு கொறையும் வராது டீச்சர்” என்றார்.

சார் அவர் தோளில் தட்டினார். நான் வாசலில் நின்று கேக் தட்டை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குச் சீனியம்மாள் சட்டைத்துணியோடு என் வீட்டுக்கு வந்தார். அளவுக்கு அண்ணனின் பழைய சட்டை ஒன்று.

“தங்கச்சி, இத இன்னைக்கே தச்சுக் குடுத்துரு. நாளைக்கு வெள்ளன புதுச் சட்டை போட்டுத்தான் வண்டி எடுக்கணுமாம் உங்க அண்ணனுக்கு.”

நான் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

“உங்க அண்ணன் ஊருப் பக்கம் லாரி எறக்குனாலும் சரி, டிராக்டர் எறக்குனாலும் சரி, மொத நாளு மொதலாளி யாருக்கு வேட்டி சட்ட எடுத்துக் குடுக்காகளோ அவுகதான் அந்த வண்டிக்கு டிரைவரு. வாய்ல ஒரு வார்த்த சொல்ல மாட்டாக. துணியக் குடுத்தாச்சுன்னா முடிஞ்சுச்சு. எனக்கும்ல சேல எடுத்துருக்காக டீச்சரு! நான் கூட, சாரே ஓட்டிக்கிருவாரோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன். இந்த மனுசன் என்ன சொன்னாருங்கிற? ‘போடி கிறுக்கச்சி, சாரு காலு ஒரு கிலோமீட்டருக்குத் தாங்கும், டீச்சர் என்னைய விட மாட்டாக’ங்கிறாரு.”

சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“பழைய வண்டிக்கு அடுத்த மாசம் எஃப்சி வேற எடுக்கணும், அதுக்கு ஒரு செலவு. நெதம் ஒரு பாகம் கழண்டு விழுகுது. உசிலம்பட்டி மொக்கைச்சாமி ரெண்டு மாசமாக் கேட்டுக்கிட்டே இருந்தான், சந்தைக்கு ஆடு ஏத்த. வெல பேசி முடிச்சாச்சு, இன்னைக்குச் சாயங்காலம் வந்து ஓட்டிக்கிட்டுப் போயிருவான். ரெண்டு வண்டிய வச்சு என்ன செய்ய, சொல்லு.”

நூல் என் பல்லில் இருந்தது. மணி மூன்றே கால். சொல்ல வேண்டுமென்றால், மொக்கைச்சாமி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் சார் மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து இருமுவது கேட்டது.

சீனியம்மாள் குரலைத் தாழ்த்தினார். “அந்த வண்டிக்குச் சாவிய நொழைக்கவே வேணாமாம்ல. பையில வச்சிருந்தாப் போதுமாம், தானாக் கதவு தொறந்துக்குமாம். அதுக்குத் தோதா ஒரு பாக்கெட்டு வையி.”

“உள்பாக்கெட்டா, வெளிப்பாக்கெட்டா அக்கா?” என்று கேட்டேன்.

“வெளிய வையி. நாலு பேருக்குத் தெரியட்டும்.”

ஐந்தரைக்கு மருது அண்ணன் வண்டி கடைசியாக எங்கள் தெரு வழியாகப் போனது. ஓட்டியது வேறு ஆள். வேகத்தடையில் கியரை மாற்றத் தெரியாமல் தூக்கிப் போட்டான். சத்தம் பேரையூர் ரோட்டில் வெகுதூரம் வரைக்கும் கேட்டது. நான் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டை முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை நாலே முக்காலுக்கு எழுந்து சன்னலோரம் உட்கார்ந்தேன். முந்தின இரவு தூறியிருந்தது. கரிசல் மண் வாசனை வந்தது. சார் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஓட்டுநர் இடத்தில் ஏறினார். டீச்சர் ஒரு தலையணையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டார். தலை சீவி, பவுடர் போட்டிருந்தார். மெஷினுக்குப் போகும் நாளில் அவர் பவுடர் போட்டு நான் பார்த்ததில்லை.

மருது அண்ணன் நடந்து வந்தார். புது வேட்டி, நான் தைத்த சட்டை, நெற்றியில் சந்தனம். கேட்டைத் திறந்து நேராக ஓட்டுநர் பக்கக் கதவுக்குப் போனார். கைப்பிடியில் கை வைத்துவிட்டார். அப்போதுதான் உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது.

சார் கண்ணாடியை இறக்கினார்.

“என்ன மருது, இந்நேரத்துல? வழியனுப்ப வந்தியா? எம்புட்டு நல்ல மனசுப்பா உனக்கு.”

மருது அண்ணன் சாரைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அந்தச் சட்டையைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். தெருவில் வண்டி ஏதும் நிற்கவில்லை.

“மருது” என்றார் டீச்சர். “உன் வண்டி எங்கப்பா?”

அவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“இவர் உன்கிட்ட…” என்று டீச்சர் சார் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லலியா?”

“நீதான சொல்றேன்ன?”

சார் எதற்கோ அவசரப்பட்டவர்போல முன்னால் திரும்பி மிதியை அழுத்தினார். வண்டி நகரவில்லை. மறுபடி அழுத்தினார். திரையில் என்னவோ சிவப்பாக எரிந்தது. “என்ன இது, போக மாட்டேங்குது” என்றார். மணி ஐந்து அடிக்கப்போகிறது. டீச்சர் தலையணையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்.

மருது அண்ணன் வண்டியின் முன்பக்கம் வந்தார். சார்ஜ் வயர் இன்னும் செருகியபடியே இருந்தது. அதை உருவினார். மூடியை அழுத்தி மூடினார். வயரைத் தரையில் படாமல் முழங்கையில் சுற்றி, சுவர்ப் பெட்டியில் மாட்டினார். கேட்டின் இன்னொரு பக்கத்தையும் அகலத் திறந்து தெருவில் போய் நின்றார். இரண்டு பக்கமும் பார்த்தார். வலது கையை உயர்த்தி, வா, வா என்று விரல்களை மடக்கினார். வழக்கமாக இதற்குச் சத்தம் கொடுப்பார். அன்று கை மட்டும்தான்.

வண்டி பின்னால் வந்து தெருவில் நேராகியது. அதன் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். டீச்சர் சன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். வண்டி அதற்குள் நகர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டி, அரவை மில் சுவர். வேகத்தடையில் ஏறி இறங்கியதை விளக்கு அசைந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மருது அண்ணன் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். என் சன்னலைக் கடக்கும்போது ஒரு தரம் நின்றார். உள்ளே விளக்கு எரிந்தது; நான் மிஷினுக்குப் பின்னால்தான் இருந்தேன். வெளிப்பாக்கெட் தட்டையாக இருந்தது. காலரில் நான் அறுக்க மறந்த நூல் ஒன்று தொங்கியது. அவர் அதை விரலில் சுற்றி அறுத்துக் கீழே போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் நடந்தார்.